முத்திரையே இல்லாத பழைய வெள்ளிப் பொருள்... உருக்கக் கொடுக்கும் முன் என்னவெல்லாம் பார்க்கணும்?

பரணில் ஒரு பன்னீர் செம்பு, பீரோவில் ஒரு சந்தனக் கிண்ணம், தாத்தா காலத்து வெற்றிலைப் பெட்டி, பாட்டியின் தண்டை. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று துணியில் சுற்றி வைக்கப்பட்டிருப்பது வழக்கம். 2025-ல் வெள்ளி விலை வேகமாக ஏறியதும், இந்தப் பொருள்கள் பலவும் பரணிலிருந்து இறங்கிக் கடைக்குப் போக ஆரம்பித்தன.

கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “முத்திரை எதுவும் இல்லையேம்மா. உருக்கிப் பார்த்தாத்தான் தெரியும். கழிவு போக எடைக்குப் போட்டுக்கலாம்.”

உருக்கிய பிறகு தெரிவது வெள்ளியின் அளவு மட்டும்தான். அது எந்தக் காலத்துப் பொருள், யார் கையால் செய்தது, எடைக்கு மேல் விலை பெறுமா என்பதெல்லாம் அந்தக் குகையிலேயே கரைந்து போய்விடும். அதனால், உருக்கும் முன் என்ன பார்க்கணும், எந்த வரிசையில் பார்க்கணும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இங்கே இருப்பது ஒரு கேள்வி இல்லை, மூன்று கேள்விகள். இது வெள்ளியா, எவ்வளவு தூய்மை? இது எவ்வளவு பழசு? எடைக்கு மேல் இதற்கு மதிப்பு உண்டா? முத்திரை இல்லை என்பது இந்த மூன்றில் எதற்கும் பதில் ஆகாது.

முத்திரை ஏன் இல்லை?

இங்கிலாந்தில் வெள்ளிப் பொருளை அரசு அங்கீகரித்த மையத்தில் சோதித்து முத்திரை அடிக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி, கூடவே ஊர் அடையாளம், ஆண்டைக் குறிக்கும் எழுத்து என்று எல்லாம் இருக்கும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில் அப்படிக் கட்டாய முத்திரை முறை இல்லை.

பெரிய நிறுவனங்கள் மட்டும் தங்கள் பெயரைத் தாங்களே அடித்துக்கொண்டன. 1849-ல் தொடங்கிய சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். தெய்வ உருவங்களைப் புடைப்பாகச் செய்த 'சுவாமி வெள்ளி' என்ற பாணிக்கு அந்தக் கடை பேர் பெற்றது. டீ செட், கிண்ணம், தட்டு என்று வெள்ளைக்காரர்களுக்காகச் செய்த அந்தப் பொருள்களில் கடையின் பெயர் இருக்கும். ஆனால் அதே பாணியில் ஊர்ப் பட்டறைகளில் செய்த பொருள்களில் பல எந்தப் பெயரும் இல்லாமலேயே இருக்கின்றன. உள்ளூர் ஆசாரி, தெரிந்த வீட்டுக்குச் செய்து கொடுத்த செம்பில் யாருக்கு எதற்கு முத்திரை?

இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்., வெள்ளிக்கு ஹால்மார்க் தரத் தொடங்கியது 2005-ல்தான். 6 இலக்க அடையாள எண்ணான 'ஹெச்.யு.ஐ.டி.' வெள்ளிக்கு வந்தது 2025 செப்டம்பர் 1-ல். அதுவும் கட்டாயமாக இல்லாமல், விருப்பப்பட்டால் பெறும் ஏற்பாடாகவே தொடங்கியது. ஆகவே உங்கள் பாட்டி காலத்துப் பொருளில் முத்திரை இல்லாதது சந்தேகப்படவேண்டிய விஷயம் இல்லை. அதுதான் இயல்பு. ஏற்கெனவே பழசு என்று சொல்லும் பொருளில் புத்தம்புதுசா '925' என்று அடித்திருந்தால்தான் யோசிக்கணும்.

கருத்துப் போயிருந்தா பழசா?

தோல் தொழில் நடக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். வெள்ளி கருப்பது துருப்பிடிப்பது மாதிரி இல்லை. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள், குறிப்பாக அழுகிய முட்டை வாசனை வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, வெள்ளியோடு சேர்ந்து 'வெள்ளி சல்ஃபைடு' என்ற கருப்புப் படலத்தை உண்டாக்குகிறது. முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, நீலம் கலந்த ஊதா, கடைசியில் கருப்பு என்று நிறம் மாறும்.

பச்சைத் தோலில் இருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்ப்பது டேனரிகளில் நெடுநாள் வழக்கம். அந்தக் கழிவுநீர் அமிலத் தன்மையுள்ள கழிவோடு கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியேறும். தேங்கிய சாக்கடையிலும் இதே வாயு உண்டாகும். இந்த வாயு உள்ள காற்றில் நேற்று வாங்கிய கொலுசுகூட சீக்கிரம் கருக்கும். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, சில வகைத் தோல் பெட்டிகள் ஆகியவற்றோடு சேர்த்து வைத்தாலும் அப்படித்தான்.

ஆக, “எவ்வளவு கருத்திருக்கு பாருங்க, நூறு வருஷமாவது இருக்கும்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கருப்பு சொல்வது அந்தப் பொருள் எங்கே, எதோடு இருந்தது என்பதைத்தான். எத்தனை வருஷம் இருந்தது என்பதை அது சொல்லாது.

முதல் வேலை: தேய்க்காதீங்க

பொருளைக் கையில் எடுத்ததும் நம்ம வீடுகளில் முதலில் செய்வது, புளி போட்டோ, திருநீறு வைத்தோ, பல்பொடி போட்டோ தேய்ப்பது. பரிசோதனை முடியும்வரை இதைத் தள்ளிப் போடுங்கள்.

காரணம் இருக்கிறது. வேலைப்பாட்டின் பள்ளங்களில் கருப்பு தங்கியிருப்பதும், கைபடும் இடங்களில் வெளுத்திருப்பதும் பயன்பாட்டின் தடயங்கள். பல்பொடி மாதிரி சொரசொரப்பான பொருள்கள் மெல்லிய எழுத்துகளைத் தேய்த்துவிடும். சில வேலைப்பாடுகளில் கருப்பு நிறமே வேண்டுமென்று கொடுக்கப்பட்ட அழகாக இருக்கும். யூடியூப்பில் காட்டும் அலுமினிய ஃபாயில், சமையல் சோடா முறை அந்தக் கருப்பையும் சேர்த்து எடுத்துவிடும்.

மென்மையான துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். பிறகு மேலே, கீழே, உள்ளே, நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். எடையைக் குறித்து வையுங்கள்.

லென்ஸ் வைத்து எங்கே பார்ப்பது?

மொபைல் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

* முத்திரை ஒளிந்திருக்கும் இடங்கள்: அடிப்பாகத்தின் விளிம்பு, மூடியின் உட்புறம், பன்னீர் செம்பின் மரை சுற்றும் இடம், வெற்றிலைப் பெட்டியின் கீல், கொலுசின் திருகு. 'முத்திரை இல்லை' என்று ஒதுக்கிய பொருளில் இங்கெல்லாம் ஏதாவது இருக்கலாம்.
* முலாம் தேய்ந்த இடங்கள்: விளிம்பு, கைப்பிடி, பாதம். அங்கே சிவப்பாகத் தெரிந்தால் உள்ளே செம்பு. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை என்றால் ஜெர்மன் சில்வராக இருக்கலாம். பேரில்தான் சில்வர், அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது.
* 'ஈ.பி.என்.எஸ்.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், ஜெர்மன் சில்வர் மேல் மின்முலாம் பூசியது என்று அர்த்தம். மின்முலாம் பூசும் தொழிலுக்குக் காப்புரிமை வாங்கப்பட்டது 1840-ல். அதனால் அப்படிப்பட்ட பொருளை '200 வருஷப் பழசு' என்று யாரும் விற்க முடியாது.
* செய்த முறை: கையால் தட்டிய பாத்திரத்தின் உட்புறத்தில் சுத்தியல் தடங்கள் ஒரே சீராக இல்லாமல் இருக்கும். புடைப்பு வேலை என்றால் வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாகத் தெரியும். அச்சில் வார்த்தது அப்படி இருக்காது. மெஷினில் சுழற்றிச் செய்ததில் ஒரே இடைவெளியில் வட்டக் கோடுகள் ஓடும்.
* பட்டறையில் 'பொடி வைத்து ஊதுன' இடங்கள், அதாவது பற்றவைத்த இணைப்புகள்: நிறம் லேசாக மாறித் தெரியும். பின்னாளில் ரிப்பேர் பார்த்ததா, வேறு பொருளின் பாகத்தை ஒட்டியதா என்பதை இங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

பேர் வெட்டியிருக்கா? அதுவும் சாட்சிதான்

பாத்திரத்தில் பேர் வெட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம். கடை முத்திரை இல்லாவிட்டாலும் இந்த எழுத்துகள் காலத்தைக் காட்டிக் கொடுக்கும்.

தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு நடைமுறைப்படுத்தியது 1978-ல். அதற்கு முன்பு 'லை', 'ணை', 'னை' போன்ற எழுத்துகளில் எழுத்தோடு ஒட்டியபடி யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும். 'ணா', 'றா', 'னா' ஆகியவையும் தனிக் கால் இல்லாமல் சுழித்து எழுதப்பட்டன. பழைய முறையில் பேர் வெட்டியிருந்தால், அது 1978-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழகிய கை அதற்குப் பிறகும் சில காலம் அப்படி எழுதியிருக்கலாம் என்பதால், இதை மட்டுமே வைத்து முடிவு கட்டக் கூடாது. தமிழ் எண்களில் எடை வெட்டியிருந்தால் இன்னும் பின்னால் போகலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது எழுத்தில் பேர் வெட்டிய பான்தான், அத்தர் குப்பி, பன்னீர் செம்பு வைத்திருப்பவர்கள், அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். யாருடைய திருமணத்துக்கு வந்தது என்று தெரிந்தால் அந்தப் பொருளுக்கு ஒரு தேதியே கிடைத்துவிடும். அந்தத் தகவலை எழுதி, பொருளோடு சேர்த்து வையுங்கள்.

தண்ணீர் சோதனை: வீட்டிலேயே செய்யலாம்

பொருளைக் கீறாமல் செய்யக்கூடிய நல்ல சோதனை இது. தேவை ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், கொஞ்சம் நூல்.

முதலில் பொருளை அப்படியே எடை போடுங்கள். 206 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். பொருளை நூலில் கட்டித் தண்ணீரில் முழுவதுமாக மூழ்கும்படி தொங்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு 20 கிராம் காட்டுகிறது என்றால், 206-ஐ 20-ஆல் வகுங்கள். விடை 10.3. அதுதான் அடர்த்தி.

* சுத்த வெள்ளி: 10.49
* 92.5 சதவீத வெள்ளி, மீதி செம்பு: சுமார் 10.36
* 80 சதவீத வெள்ளி, மீதி செம்பு: சுமார் 10.1
* பாதி வெள்ளி, பாதி செம்பு: சுமார் 9.7
* ஜெர்மன் சில்வர், பித்தளை: சுமார் 8.4 முதல் 8.8
* அலுமினியம்: 2.7

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. சமையலறைத் தராசு 1 கிராம் பிசகினாலே, மேலே சொன்ன கணக்கு 9.8-லிருந்து 10.8 வரை போய்விடும். அதனால் சின்னக் கொலுசு, மெட்டிக்கு இந்தத் தராசு உதவாது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் நகைத் தராசு வேண்டும். உள்ளே அரக்கு நிரப்பியது, கல் பதித்தது, மரப்பிடி உள்ளது ஆகியவற்றைத் தண்ணீரில் போடாதீங்க. அவற்றில் கணக்கும் தப்பாக வரும், பொருளும் கெடும். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்பதால், ஈயம் கலந்து வெள்ளி மாதிரிக் கணக்கு காட்டவும் முடியும்.

காந்தம், ஐஸ் கட்டி: எவ்வளவு நம்பலாம்?

காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டாததை வைத்து 'வெள்ளிதான்' என்று சொல்ல முடியாது. செம்பு, பித்தளை, அலுமினியம், ஜெர்மன் சில்வர் எதுவும் ஒட்டாது. ஐஸ் கட்டி வேகமாக உருகினால் வெள்ளி என்பார்கள். வெள்ளி வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் என்பது சரிதான். ஆனால் செம்பிலும் ஐஸ் வேகமாகத்தான் உருகும். வெள்ளி முலாம் பூசிய செம்பு இந்தச் சோதனையில் சுலபமாகத் தேறிவிடும்.

அமிலச் சோதனை வீட்டில் வேண்டாம்

கடைகளில் உரைகல்லில் தேய்த்து அமிலத் துளி விடுவார்கள். நைட்ரிக் அமிலம் பட்டுப் பச்சையாகப் பொங்கினால் செம்புக் கலவை அதிகம். நைட்ரிக் அமிலத்தில் டைகுரோமேட் உப்பு கலந்த இன்னொரு திரவம், நல்ல வெள்ளியில் ரத்தச் சிவப்பாக மாறும்.

இந்த டைகுரோமேட்டில் இருப்பது நச்சுத்தன்மை கொண்ட ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலால் நிலத்தடி நீர் கெட்ட கதை இந்தப் பகுதி மக்களுக்குப் புதிது இல்லை. அதே குரோமியம் கலந்த பாட்டிலை ஆன்லைனில் வாங்கிச் சமையலறையில் திறக்க வேண்டாம். பொருளின் மேல் நேரடியாக விட்டால் போகாத கறையும் விழும்.

கடை மெஷின் காட்டும் எண்: எப்படிப் படிப்பது?

நகைக்கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் இருக்கும் எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின், எக்ஸ் கதிரைப் பாய்ச்சி எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும். பொருளுக்குச் சேதம் இல்லை. ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு மேல் உள்ளே போகாது.

இதனால் இரண்டு விதத்தில் ஏமாறலாம். கனமான முலாம் இருந்தால் வெறும் செம்பையும் வெள்ளி என்று காட்டும். பல வருஷம் தேய்த்துக் கழுவிய பழைய பொருளில் மேற்பரப்பில் உள்ள செம்பு அரித்துப் போயிருக்கும். அங்கே உள்ளே இருப்பதைவிடத் தூய்மை கூடுதலாகத் தெரியும்.

அதனால் ஒரே இடத்தில் எடுத்த எண்ணோடு திரும்பி வராதீங்க. தேய்ந்த விளிம்பில், அடியில், பற்றவைத்த இடத்தில் என்று குறைந்தது மூன்று இடங்களில் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒத்துப்போனால் நம்பலாம். பற்றவைத்த இடத்தில் காட்மியம் தெரிந்தால், அந்த இணைப்பு பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் போட்டதாக இருக்கும். மிகத் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் துளி உலோகத்தைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்துச் சோதிக்க வேண்டும். எங்கே சுரண்டுவது என்பதை நீங்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே அது நடக்கணும்.

91.7 என்று வந்தால் என்ன அர்த்தம்?

பழைய வெள்ளிப் பொருளில் 91, 92 சதவீதம் வந்தால் ஒரு சுவாரசியமான காரணம் இருக்கலாம். 1835 முதல் அச்சடிக்கப்பட்ட ஒரு ரூபாய் நாணயத்தில் 91.7 சதவீதம் வெள்ளி இருந்தது. எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தெரிந்த தூய்மை, தெரிந்த எடை என்பதால் அந்த நாணயங்களையே உருக்கி நகையும் பாத்திரமும் செய்வது நாடு முழுக்க நடந்தது. 1940-ல் ரூபாயின் வெள்ளி 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, 1947-ல் நிக்கல் நாணயம் வந்துவிட்டது.

அதனால் 91.7-க்கு அருகில் வரும் எண், பழைய ரூபாயில் செய்திருக்கலாம் என்பதற்கு ஒரு குறிப்பு. எழுத்து, செய்முறை, தேய்மானம் ஆகிய மற்ற சாட்சிகளும் அதே பக்கம் நின்றால்தான் அதற்குப் பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டு தாண்டிய கலைப் பொருள் 'தொல்பொருள்'. அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகத் தனிநபருக்கு அனுமதி இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பும் முன் இதை நினைவில் வையுங்கள். பதிவு செய்ய வேண்டிய வகைகளில் உலோகச் சிற்பங்களும் உண்டு. அதனால் பழைய வெள்ளி விக்கிரகம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் விவரம் கேட்பது நல்லது.

அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த பொருள் என்றால் கதையே வேறு. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைத்தது 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். “நம்ம இடம்தானே” என்பது அங்கே செல்லாது.

இவர்களிடம் ஜாக்கிரதை

“பாலிஷ் போட்டுத் தர்றோம்க்கா” என்று வாசலுக்கு வருபவர்களின் திரவத்தில் அமிலம் இருந்தால், பொருள் பளபளக்கும், எடை குறையும். கரைந்த வெள்ளி அவர்களின் பாத்திரத்தில் போய்விடும். இன்னொரு பக்கம், பழைய பாத்திரத்தைப் பார்த்து “இது இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் போகும்” என்று பேசி, சோதனைச் செலவுக்கு முன்பணம் கேட்கும் கும்பல்கள் தமிழகத்தில் பல முறை பிடிபட்டிருக்கின்றன. விற்பவரிடமே பணம் கேட்டால் அங்கே வியாபாரம் இல்லை.

விற்கத்தான் வேண்டும் என்றால்...

அவசரச் செலவுக்கு விற்பதில் தப்பே இல்லை. கடைக்குப் போகும்போது இவற்றை மட்டும் மறக்காதீங்க:

* வீட்டில் போட்ட எடையும் கடையில் போடும் எடையும் ஒன்றா என்று பாருங்கள்.
* வெட்டவோ, உரசவோ, உருக்கவோ உங்களைக் கேட்காமல் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* மெஷின் காட்டும் சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். கழிவு எத்தனை சதவீதம், எதற்காக என்று கேளுங்கள்.
* உருக்கினால் கண் முன்னாலேயே உருக்கச் சொல்லுங்கள். முன் எடை, பின் எடை இரண்டும் ரசீதில் வரட்டும்.
* கைவேலைப்பாடு, சுவாமி உருவங்கள், பழைய எழுத்து, கடைப் பெயர் இவற்றில் ஏதாவது இருந்தால் எடைக்குப் போடும் முன் நிறுத்துங்கள். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒரு முறை போய், அங்குள்ள பழைய உலோகப் பொருள்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். எழும்பூரில் 1930-லேயே பழம்பொருள்களைக் காக்கும் வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. பழம்பொருள் விற்பனை உரிமம் உள்ளவரிடம் இரண்டாவது விலையும் கேட்டுப் பாருங்கள்.

விற்காமல் வைத்துக்கொள்வதாக இருந்தால், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீங்க, தோல் பெட்டியில் வைக்காதீங்க. டேனரி பக்கத்து வீடுகளில் இது இன்னும் முக்கியம். கவருக்குள் ஒரு சீட்டு வையுங்கள்: யாருடையது, எப்போது வந்தது, எவ்வளவு எடை, மெஷினில் என்ன வந்தது. முத்திரை இல்லாத பொருளுக்கு அடுத்த தலைமுறையில் அந்தச் சீட்டுதான் ஆதாரம்.